ஒரு வாணலிக்கு ஏழு பேர்: கூகுள் ஃபார்ம்ஸ் சர்வேயை நம்பி வெப்சைட்டைத் திருத்திய அனுபவம்

கடைசிவரை படிக்க நேரமில்லாதவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூகுள் ஃபார்ம்ஸ், அதாவது நாமே கேள்விகளைப் போட்டு லிங்க்காக அனுப்பிப் பதில் வாங்குகிற கருவி, இலவசம், தமிழில் எந்தத் தகராறும் செய்யாது. சின்னக் கடை வைத்திருப்பவர் தன் வெப்சைட்டைத் தேடலில் மேலே கொண்டுவர நினைத்தால், காசு கொடுத்து வேறு எதையும் வாங்குவதற்கு முன்னால் இதைத் தொட்டுப் பார்க்கலாம். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அந்த ஒன்று ஏன் போனது என்று கீழே திட்டித் தீர்த்திருக்கிறேன். திட்டில் பாதி எனக்கே சேரும், முதல் தடவை கேள்வியைத் தப்பாகக் கேட்டது நான்தான்.

சேலத்தில் அக்கா வீட்டுக்காரருக்குப் பாத்திரக்கடை. அவருடைய அப்பா வைத்த கடை. எவர்சில்வர்தான் பிழைப்பு, ஆனால் இந்த ஐந்தாறு வருடமாகக் கல்சட்டி, இரும்புத் தோசைக்கல், பணியாரக்கல், ஈயச்சொம்பு, வெண்கல உருளி என்று பழைய சாமான்களைத் தேடி வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். கல்சட்டி தியாகதுருகத்திலிருந்து வருகிறது, ஈயச்சொம்பு கும்பகோணத்திலிருந்து. வெளியூர்க்காரர்கள் போன் போட்டுப் பார்சல் அனுப்பச் சொல்ல ஆரம்பித்ததும் மாமா ஒருநாள், “மாப்ள, நமக்கும் ஒரு வெப்சைட் போட்டுடேன்” என்றார். கம்ப்யூட்டர் தெரிந்த மச்சினன் வீட்டில் இருந்தால் இதுதான் நடக்கும்.

போட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆள்தான் வரவில்லை. தேடலில் முதலிடம் வாங்கித் தருகிறோம் என்று ஒரு நிறுவனம், பேர் வேண்டாம், ஆறு மாதம் சம்பளம் மாதிரி மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு கலர் கலராக ஒரு பிடிஎஃப் அனுப்பிக்கொண்டிருந்தது. பக்கத்தின் சோர்ஸை, அதாவது பின்னால் இருக்கிற கோடைத் திறந்து பார்த்தால், தேடல் சொற்களை எழுதி வைக்கிற மெட்டா கீவேர்ட்ஸ் என்கிற இடத்தில் நாற்பது சொற்களைக் கொட்டி வைத்திருந்தார்கள். அந்த இடத்தில் என்ன எழுதினாலும் தரவரிசைக்குக் கணக்கில் எடுப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. சரி, அதையாவது விடலாம், அந்த நாற்பதில் ஒன்றுகூடக் கடைக்கு வருகிறவர் வாயில் வருகிற சொல் கிடையாது. ‘பாரம்பரியச் சமையல் உபகரணங்கள்’ என்று இருந்தது. கடைக்குள் நுழைந்து “அண்ணா, ஒரு பாரம்பரியச் சமையல் உபகரணம் குடுங்க” என்று கேட்டவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

அவர்களை நிறுத்திவிட்டு நானே இறங்கினேன். எந்தச் சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று சொல்கிற கூகுளின் கீவேர்ட் பிளானர் இருக்கிறதே என்பீர்கள். விளம்பரத்துக்குச் செலவு செய்யாத கணக்கில் அது மாதம் 100 முதல் 1,000 வரை என்கிற மாதிரி ஓர் அகலமான வரம்பைத்தான் காட்டும். அதோடு, நாம் ஒரு சொல்லைக் கொடுத்தால்தான் அது அதைச் சுற்றி நாலு சொல் சொல்லும். நமக்குத் தோன்றவே தோன்றாத சொல் என்று ஒன்று இருந்தால் அதை யார் சொல்வது? தேடுகிறவரிடம் நேராகக் கேட்டுவிடலாம் என்று அப்போதுதான் தோன்றியது.

முதல் ஃபார்ம் பற்றிச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பதினான்கு கேள்வி. எங்கள் இணையதளத்தின் வடிவமைப்பு எப்படி உள்ளது, ஒன்று முதல் ஐந்துக்குள் சொல்லவும். எங்கள் சேவை திருப்தி அளித்ததா. எங்களை நண்பர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா. வங்கியிலிருந்து வருகிற சர்வேயைப் பார்த்துக் காப்பியடித்தது. மாமாவின் வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் தட்டிவிட்டோம். ஒரு பட்டியலில் 256 பேர்தான், அதிலும் நம் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். முப்பது பேர் போல நிரப்பினார்கள். எல்லாரும் ஐந்துக்கு ஐந்து. கருத்துப் பெட்டியில் ‘நன்று’, ‘சூப்பர்’, ‘வாழ்க வளமுடன்’. ஒரே ஒருவர் மட்டும் ‘தூக்குப்போசி மூணு அடுக்கு இருக்கா’ என்று கேட்டிருந்தார். மொத்தத்தில் உருப்படியான பதில் அதுதான் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. எங்கள் வெப்சைட்டில் அந்தச் சாமானுக்கு டிபன் கேரியர் என்று மட்டும்தான் எழுதியிருந்தேன்.

இன்னொரு தப்பும் செய்தேன். செட்டிங்ஸில் ஒருவர் ஒரு முறைதான் பதில் அனுப்பலாம் என்று ஒரு வசதி இருக்கிறது, நல்லதுதானே என்று போட்டுவிட்டேன். அதைப் போட்டால் நிரப்புகிறவர் கூகுள் கணக்கில் உள்ளே நுழைந்தாக வேண்டும். அன்று சாயங்காலம் மாமாவுக்கு வரிசையாகப் போன். “என்னப்பா பாஸ்வேர்டெல்லாம் கேக்குது, எம் பையன் வந்தாத்தான் போடுவான்.” பையன் வந்திருப்பான், அவனுக்கு வேறு வேலை இருந்திருக்கும். அந்தப் பதில்கள் வரவே இல்லை. இதே மாதிரி சர்வே எடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள். ஒருவரே இரண்டு தடவை நிரப்பினால் குடியா முழுகிவிடும்?

இரண்டு மாதம் கழித்து இரண்டாவது ஃபார்ம். இந்தத் தடவை நான்கே கேள்வி. முதல் கேள்வியில் வெறும் படம், மாமா கடையில் இருக்கிற இரும்பு வாணலியை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து எடுத்தது. கீழே, ‘இதை உங்க வீட்ல என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவீங்க?’ அவ்வளவுதான். ஃபார்ம்ஸில் கேள்விக்கே படம் சேர்க்கலாம் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், ஏனென்றால் நாம் ஒரு பேரை எழுதிவிட்டால் பதில் சொல்கிறவரும் அதே பேரைத் திருப்பி எழுதிவிடுவார், படம் மட்டும் இருந்தால் அவருடைய சொல் வெளியே வரும். இரண்டாவது, ‘இதை கூகுள்ல தேடணும்னா என்ன டைப் பண்ணுவீங்க? அப்படியே எழுதுங்க, எழுத்துப்பிழை பரவாயில்ல.’ மூன்றாவது, ‘வாங்குறதுக்கு முன்னாடி மனசுல இருந்த சந்தேகம் என்ன?’ நான்காவது, வாங்கினீர்களா இல்லையா, இல்லை என்றால் மட்டும் இன்னொரு பகுதிக்குப் போய் ஏன் என்று கேட்கும். பதிலைப் பொறுத்து அடுத்த பகுதியை மாற்றுகிற அந்த வசதியும் இலவசம்தான்.

சாமானுக்கு ஒரு ஃபார்ம், மொத்தம் ஆறு. இவற்றுக்குச் சுமார் நூற்றிருபது பதில் வந்தது, ஒரே நாளில் இல்லை, சொட்டுச் சொட்டாக மூன்று மாதத்தில்.

வாணலிக்கு வந்த பேர்களைப் படியுங்கள். வாணலி. வடச்சட்டி. இருப்புச்சட்டி. இலுப்பச்சட்டி. சீனிச்சட்டி. கடாய். கடைசியாக ஒருவர் தாச்சி என்று எழுதியிருந்தார், எனக்கு அது என்னவென்றே தெரியவில்லை, விசாரித்தால் யாழ்ப்பாணத்தில் அதுதான் பேர், அவர் கனடாவிலிருந்து லிங்க்கைத் திறந்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் என்ன இருந்தது தெரியுமா? ‘வார்ப்பிரும்பு வாணலி’. வார்ப்பிரும்பு என்ற சொல்லை நூற்றிருபது பேரில் ஒருவர்கூட எழுதவில்லை. நானே வீட்டில் அதை வடச்சட்டி என்றுதான் சொல்லுவேன், அம்மா வாயில் கேட்டு வளர்ந்த சொல், ஆனால் வெப்சைட் என்றதும் கை தானாக வார்ப்பிரும்பு என்று எழுதிவிட்டது. கடையில் பேசுகிற தமிழ் வேறு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் வருகிற தமிழ் வேறு. இந்த நோய் எனக்கு மட்டும் இல்லை, எத்தனையோ தமிழ் வியாபாரப் பக்கங்களில் பார்க்கிறேன்.

இரண்டாவது கேள்விக்கு வந்த பதில்கள் இன்னும் வேடிக்கை. பாதிக்கு மேல் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். கல்சட்டிக்கு ஒரு ‘டி’ போடுகிறவர், இரண்டு போடுகிறவர், நடுவில் இடம் விட்டு இரண்டு சொல்லாக அடிப்பவர். கல்சட்டியைப் பழக்குவது என்பதில் வருகிற ழகரத்துக்கு ஒருவர் இசட்-எச் போடுகிறார், ஒருவர் வெறும் எல் போடுகிறார், ஒருவர் ஒய் போட்டிருந்தார், அவர் எந்த ஊர் என்று சொல்லத் தேவையில்லை. வயசானவர்கள் சிலர் ‘டைப் பண்ண மாட்டேன், மைக்கை அமுக்கிச் சொல்வேன்’ என்று எழுதி, சொல்லப்போவதையும் எழுதியிருந்தார்கள். அதெல்லாம் முழு வாக்கியம். ‘கல்சட்டில புளிக்குழம்பு வச்சா வெடிச்சுருமா’. ‘மாக்கல் சட்டி கேஸ் அடுப்புல வைக்கலாமா’. இந்த வாக்கியங்கள் எந்த கீவேர்ட் கருவியிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

இப்போது ஈயச்சொம்புக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தச் சர்வே தன் கூலியை அங்கேதான் சம்பாதித்தது. ஈயச்சொம்புப் பக்கத்துக்கு ஆட்கள் ஓரளவு வந்துகொண்டுதான் இருந்தார்கள், வந்தவர்கள் வாங்காமல் போனார்கள். விலை ஜாஸ்தி என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார், உண்மையிலேயே ஜாஸ்திதான், எடைக்கு விலை. சர்வேயில் மூன்றாவது கேள்விக்கு வந்த பதில்களில் பாதிக்கு மேல் ஒரே சந்தேகம்: ஈயம் விஷமாச்சே, அதில் ரசம் வைத்தால் உடம்புக்கு ஆகுமா?

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகத்துக்கும் புழங்குகிறது. சொம்பு செய்வது வெள்ளீயத்தில், விஷம் என்று பேப்பரில் படிப்பது காரீயத்தை. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸ் பக்கம் உருகிவிடும். அதனால்தான் ஈயச்சொம்பை வெறுமனே அடுப்பில் வைக்கக் கூடாது, முதலில் புளித்தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் தீயைப் பற்றவைக்க வேண்டும், மறந்தால் சொம்பு அடுப்பிலேயே உட்கார்ந்துவிடும். வாங்குகிறவருக்குக் கடையில் மாமா இதை வாயால் சொல்லிவிடுகிறார், கடைக்கு வராதவருக்கு யார் சொல்வது? எங்கள் பக்கத்தில் வெள்ளீயம் என்ற சொல்லே ஒரு இடத்திலும் இல்லை. கலப்படம் இருக்கும் என்ற பயமும் நியாயமான பயம்தான். ஒரு அம்மா அப்படியே எழுதியிருந்தார்: ‘நீங்க வெள்ளீயம்னு சொல்றீங்க, நான் எப்படி நம்புறது?’ சரியான கேள்வி. அதற்குப் பதிலாக, மாமா சரக்கு எடுக்கும்போது ஆய்வுக்கூடத்தில் பரிசோதித்த தாளைப் போட்டோ எடுத்துப் பக்கத்தில் போட்டோம். அது முன்பே கடை டிராயரில்தான் கிடந்தது.

அந்தப் பக்கத்தை முழுதாகத் திருப்பி எழுதினேன். தலைப்பில் ‘ஈயச்சொம்பில் ரசம் வைக்கலாமா’ என்ற கேள்வியே வந்துவிட்டது. வாணலிப் பக்கத்தில் ஏழு பேரையும் ஒரே பத்தியில் கதை மாதிரி எழுதினேன், கோவைப் பக்கம் இதை வடச்சட்டி என்பார்கள், யாழ்ப்பாணத்தில் தாச்சி என்பார்கள் என்று. வரிசையாகச் சொற்களை மட்டும் அடுக்கி நிரப்பினால் கூகுளுக்கும் பிடிக்காது, படிக்கிறவருக்கும் பிடிக்காது. கல்சட்டிக்குப் பழக்குகிற முறையைத் தனிப் பக்கமாகவே போட்டேன்: எண்ணெயும் மஞ்சளும் தடவி வைப்பது, சூடான வடிகஞ்சியை ஊற்றி வைத்து நாள்தோறும் மாற்றுவது, முதல் தடவை அடுப்பில் ஏற்றும்போது தீயை எவ்வளவு சின்னதாக வைப்பது எல்லாம். எழுதியது நான், சொன்னது அக்கா. இண்டக்‌ஷன் அடுப்பில் கல்சட்டி வேலை செய்யாது என்பதையும் முதல் பத்தியிலேயே எழுதிவிட்டோம். அதை எழுத மாமாவுக்கு மனசில்லை, “வர்றவனை நாமளே எதுக்கு வெரட்டணும்” என்றார். சர்வேயில் ஆறு பேர் அதைக் கேட்டிருப்பதைக் காட்டியதும் விட்டுவிட்டார்.

சர்வே எடுத்ததால் கூகுள் தனியாக மார்க் போடுவதில்லை. சர்வே நமக்குச் சொல் தருகிறது, சந்தேகத்தைத் தருகிறது, பக்கத்தை மாற்ற வேண்டியது நாம். மாற்றியது பலித்ததா என்று பார்க்க சர்ச் கன்சோல் வேண்டும், அதுவும் இலவசம். யார் என்ன சொல்லில் தேடியபோது நம் பக்கம் கண்ணில் பட்டது, எத்தனை பேர் சொடுக்கினார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று 16 மாதக் கணக்கு இருக்கும். ஆனால் திரையில் 1,000 வரிதான் காட்டும், ரொம்பக் குறைவானவர்கள் தேடுகிற சொற்களைத் தனியுரிமைக்காக மறைத்துவிடும். எங்கள் மாதிரிச் சின்னக் கடைக்கு அந்த மறைக்கிற சமாச்சாரம் பெரிய இடி, ஏனென்றால் எங்கள் தேடல் முழுக்கவே அப்படிப்பட்ட சொட்டுச் சொட்டான தேடல்தான். அதனால்தான் சர்வேயும் கன்சோலும் ஜோடியாகப் போக வேண்டும் என்கிறேன். கன்சோலில் தெரிவது நம்மைப் பார்த்தவர்களின் சொல் மட்டும். வடச்சட்டி என்று நாம் எழுதவே இல்லையென்றால், அந்தச் சொல்லில் தேடுகிறவர் கண்ணில் நாம் படப்போவதில்லை, கன்சோலிலும் அந்தச் சொல் தலைகாட்டப்போவதில்லை.

நடுவில் ஒரு கூத்து நடந்தது, அதைச் சொல்லாவிட்டால் இந்த விமர்சனம் முழுமையாகாது. வாட்ஸ்அப்பில் அனுப்புவது போதவில்லை, வெப்சைட்டுக்கு வருகிற புது ஆட்களைக் கேட்போம் என்று, தானாக எழும்பி வந்து கேள்வி கேட்கிற ஒரு சர்வே விட்ஜெட்டைப் போட்டேன். பேர் சொல்லவில்லை, வெளிநாட்டுக் கம்பெனி, மாதச் சந்தா. டெஸ்க்டாப்பில் ஓரமாக அடக்கமாகத்தான் வந்தது. போனில் திறந்தால் முக்கால் திரையை அடைத்துக்கொண்டு நிற்கிறது, மூடுகிற குறி கடுகு சைஸில் இருக்கிறது. கல்சட்டி விலையைப் பார்க்க வந்தவரிடம், வாசலிலேயே மடக்கி ‘எப்படி இருக்கிறது எங்கள் கடை’ என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? திரும்பிப் போய்விடுவார், போனார்கள்.

இதில் தேடல் சம்பந்தமான விஷயமும் இருக்கிறது. தேடலிலிருந்து போனில் வருகிறவருக்கு உள்ளடக்கத்தை மறைக்கிற மாதிரிப் பாப்பப் காட்டினால் அந்தப் பக்கம் கீழே போகலாம் என்று கூகுள் அறிவித்து, 2017 ஜனவரி 10-லிருந்து அதை நடைமுறைக்கும் கொண்டுவந்தது. இது போதாதென்று அந்த விட்ஜெட்டின் ஸ்கிரிப்ட் பக்கத்தையே மெதுவாக்கியது. பக்கத்தின் வேகத்தை அளக்கிற கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் போட்டுப் பார்த்தேன். முக்கியமான உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் வந்துவிட வேண்டும் என்பது கூகுளின் நல்ல மதிப்பெண்ணுக்கான கணக்கு, விட்ஜெட் இல்லாமல் அதற்குள்தான் இருந்தோம், போட்டதும் தாண்டிவிட்டோம். தேடலில் ஏறுவதற்காகச் சர்வே எடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, அதே சர்வேயால் இறங்கப் பார்த்தேன். மூன்றாம் வாரமே கழற்றி எறிந்தேன். பணம் திரும்பி வரவில்லை.

இப்போது இருக்கிற ஏற்பாடு எளிமையானது. ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் அடியில் ஒரு வரி: ‘தேடி வந்தது கிடைச்சுதா? ஒரு நிமிஷம் சொல்லுங்க.’ அதைத் தொட்டால் ஃபார்ம் திறக்கும். ஃபார்ம்ஸில் சில பதில்களை முன்கூட்டியே நிரப்பி வைத்த லிங்க் எடுக்க முடியும், அதை வைத்து எந்தப் பொருளின் பக்கத்திலிருந்து வந்தார் என்பதை அவரைக் கேட்காமலே பதிவு செய்துகொள்கிறேன். பார்சல் போய்ச் சேர்ந்த மறுநாள் மாமா வாட்ஸ்அப்பில் அனுப்புகிற ‘சட்டி உடையாம வந்துச்சா’ என்ற மெசேஜோடும் அதே லிங்க் போகும். அந்த வழியில்தான் பதில் அதிகம், வாய் நிறையப் பேசுகிறார்கள்.

மற்றதையும் தொட்டுப் பார்த்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். டைப்ஃபார்ம் பார்க்க அழகு, ஒரு திரைக்கு ஒரு கேள்வி என்று வரும், நிரப்பச் சுகமாக இருக்கும். இலவசத்தில் கிடைக்கிற பதில்கள் ரொம்பக் கொஞ்சம், சுதாரிப்பதற்குள் தீர்ந்துவிடும். சர்வேமங்கி 1999-லிருந்து இருக்கிற பழைய ஆள், பெரிய நிறுவனத்துக்குச் சரி, நமக்குத் தேவையில்லாத ஆயிரம் பொத்தான். ஹாட்ஜாரில் சர்வேயோடு வந்தவர் எங்கே தொட்டார், எதுவரை படித்தார் என்றும் பார்க்கலாம். அந்தப் பார்க்கிற வேலைக்கு மட்டும் என்றால் மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி முழுக்க இலவசம், நான் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

சரி, ஃபார்ம்ஸ் மேல் என் கோபத்துக்கு வருவோம். முதல் குறை, ஃபார்மின் அடியில் ஆங்கிலத்தில் ‘கூகுள் ஃபார்ம்ஸ் வழியாகப் பாஸ்வேர்டை ஒருபோதும் அனுப்பாதீர்கள்’ என்று ஒரு வரி எப்போதும் நிற்கும். நல்ல எண்ணத்தில்தான் போட்டிருக்கிறார்கள், ஆனால் ஓடிபி மோசடி பற்றித் தினமும் செய்தி பார்க்கிற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அந்த வரியைப் பார்த்துவிட்டு மாமாவுக்குப் போன் செய்து, “தம்பி, உங்க பேர்ல யாரோ ஃபிராடு லிங்க் அனுப்பறான், போலீஸ்ல சொல்லுங்க” என்றார். லிங்க் வேறு நீளமாகவோ, சுருக்கினால் புரியாத எழுத்துக் கூட்டமாகவோ இருக்கிறது, பார்த்தால் யாருக்கும் பயம்தான் வரும். இப்போதெல்லாம் மாமா முதலில் ஒரு குரல் மெசேஜ் அனுப்பிவிட்டு அப்புறம்தான் லிங்க் அனுப்புகிறார். குரலைக் கேட்டால் நம்புகிறார்கள்.

இரண்டாவது குறைதான் பெரிய குறை. பதில்களைச் சுருக்கிக் காட்டுகிற பக்கத்தில், டிக் அடிக்கிற கேள்விகளுக்கு வட்டப்படம் அழகாக வரும். எழுதுகிற கேள்விக்கு அது பெரிதாக உதவாது, எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாத பதில்களை ஒன்றாகச் சேர்க்காது. வடச்சட்டி, வடை சட்டி, வடசட்டி, ஆங்கில எழுத்தில் மூன்று விதம், எல்லாமே அதற்குத் தனித்தனி. எக்செல் மாதிரி இருக்கிற கூகுள் ஷீட்ஸுக்குக் கொண்டுபோய், பக்கத்தில் ஒரு காலி நெடுவரிசை போட்டு, ஒவ்வொரு பதிலையும் கண்ணால் படித்து இது வடச்சட்டி, இது கடாய் என்று நானே எழுதினேன். இரண்டு ராத்திரி ஆனது. தமிழுக்கு இந்த வேலையைச் சரியாகச் செய்கிற கருவியை நான் இன்னும் பார்க்கவில்லை. சாட்ஜிபிடியிடம் கொடுத்துப் பார்த்தேன், இலுப்பச்சட்டியை இலுப்பை மரத்தோடு சேர்த்துவிட்டது.

மூன்றாவது, இது ஃபார்ம்ஸின் குறை என்றுகூடச் சொல்ல முடியாது. ஃபார்மை நிரப்புகிறவர் ஏற்கெனவே எப்படியோ நம்மைக் கண்டுபிடித்து வந்தவர். நம்மைக் கண்டுபிடிக்க முடியாமல் போனவர்தான் நமக்கு வேண்டியவர், அவர் எந்த ஃபார்மையும் நிரப்ப மாட்டார். இதற்கு அக்கா ஒரு வழி சொன்னாள். கல்லாவில் ஒரு கோடு போட்ட நோட்டு. கடைக்குள் வருகிறவர் என்ன சொல்லிக் கேட்டாரோ அதை அப்படியே, திருத்தாமல், கடைப் பையன் எழுத வேண்டும். ‘பணியாரக்குழி’, ‘குழிச்சட்டி’, ‘அப்பம் சுடற கல்லு’, ‘ஓட்டை ஓட்டையா இருக்குமே அது’. பையன் கையெழுத்து கோழி கிண்டிய மாதிரி இருக்கும், ஆனால் ஒரு மாதத்தில் அந்த நோட்டு கொடுத்த சொற்கள் எங்கள் ஃபார்ம்களுக்குச் சரிசமமாக நின்றது. ராத்திரி கடை கட்டும்போது அதையே ஃபார்மில் ஏற்றிவிடுகிறோம், எல்லாம் ஒரே ஷீட்டில் சேரட்டும் என்று. ஐந்தில் ஒரு மார்க்கைக் குறைத்ததற்கு இந்த நோட்டும் ஒரு காரணம், பதினைந்து ரூபாய் நோட்டு அது.

பலன் என்ன என்று கேட்பீர்கள். ஈயச்சொம்புப் பக்கம் ஐந்தாவது வாரத்திலிருந்து மெல்ல ஏறி, ‘வைக்கலாமா’ என்று முடிகிற தேடல்களில் முதல் பக்கத்தில் இருக்கிறது, வந்தவர்களில் வாங்குகிறவர்களும் முன்பைவிடக் கண்ணுக்குத் தெரிகிற அளவு கூடியிருக்கிறார்கள். வடச்சட்டி, இருப்புச்சட்டி இரண்டும் கன்சோலில் முதன்முறையாகத் தலைகாட்டின. தாச்சி என்ற சொல்லுக்கு மாதம் நாலைந்து பேர் வருகிறார்கள், வாங்குவது யாருமில்லை, கப்பல் கூலியைக் கேட்டால் நானும் வாங்க மாட்டேன். கடாய், தோசைக்கல் இரண்டிலும் ஒன்றும் அசையவில்லை. அங்கே பெரிய பெரிய ஆன்லைன் கடைகள் உட்கார்ந்திருக்கின்றன, நூற்றிருபது பேர் சர்வேயால் அவர்களை நகர்த்த முடியாது. கேள்வி பதில்களுக்கு எஃப்ஏக்யூ மார்க்கப் (இது கேள்வி, இது பதில் என்று கூகுளுக்குக் காட்டுகிற கோடு) போட்டால் தேடல் முடிவிலேயே விரிந்து தெரியும் என்று ஒரு நண்பர் சொன்னார். 2023 ஆகஸ்ட்டிலிருந்து அதை அரசு, மருத்துவம் சார்ந்த பெரிய தளங்களுக்கு மட்டும் என்று கூகுள் சுருக்கிவிட்டது, அதனால் அதில் நேரம் செலவழிக்கவில்லை. அப்புறம், இந்தியாவில் 2024-லிருந்து தேடல் பக்கத்தின் உச்சியிலேயே ஏஐ ஒரு பதிலைச் சுருக்கி எழுதிவிடுகிறதே, கல்சட்டி பழக்குவது மாதிரிக் கேள்விகளுக்கு நம் பக்கத்தைப் பார்ப்பவர் கூடினாலும் சொடுக்குகிறவர் அதே அளவு கூடுவதில்லை. சட்டியைப் பழக்கத் தெரிந்துகொண்டவர் சட்டி வாங்க வருவார் என்று மாமா நம்புகிறார், பார்ப்போம்.

செய்யப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஃபார்மில் போன் நம்பர், முகவரி கேட்காதீர்கள். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தாகிவிட்டது, அது ஒருபுறம் இருக்க, நம்பர் கேட்டாலே பாதிப் பேர் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். குலுக்கலில் குக்கர் பரிசு என்றும் போடாதீர்கள். போட்டால் குக்கருக்காக நிரப்புகிறவர்தான் வருவார், அவருக்கு வடச்சட்டியும் ஒன்றுதான், வாஷிங் மெஷினும் ஒன்றுதான்.

அடுத்த ஃபார்ம் தயாராக இருக்கிறது. படத்தில் இருப்பது ஜல்லிக்கரண்டி. எங்கள் வீட்டில் சாரணி என்போம், வெப்சைட்டில் நான் எழுதி வைத்திருப்பது ‘துளையிடப்பட்ட கரண்டி’. இன்னும் மாற்றவில்லை, பதில் வரட்டும்.